படைத்தலைவர் கரியப்பா

உயர்ந்தோர் வரலாற்றைக் கற்பதன் பயன், அவர்தம் புகழை அறிந்து வியப்பதோடு முடிவதன்று. இன்று நாம் நின்று மயங்கும் இடத்தில் அவரும் ஒரு நாள் நின்றார் என்பதை அறிந்து, அவ்விடத்தினின்று அவர் எடுத்துவைத்த முதல் அடியை உற்று நோக்குதலே அதன் பெரும்பயனாகும். வள்ளுவப் பெருந்தகை படைமாட்சி என ஓர் அதிகாரமும் படைச்செருக்கு என மற்றோர் அதிகாரமும் வகுத்துப் படையின் சிறப்பை விளக்கினார். ஆயின் ஓர் இளைஞன் அப்படைக்கு எவ்வழியாகச் சென்று தலைமை பெறுவது என்னும் வினாவிற்கு விடையை நூல்களினும் மாந்தர் வாழ்க்கையிலேயே தெளிவாகக் காணலாம்.

கலவை, ஆர்க்காடு, இராணிப்பேட்டை, ஆம்பூர் முதலாய நம் பக்கத்து ஊர்களில், உழவர் குடியிலும் தோல் பதனிடும் சாலைகளில் உழைப்போர் குடியிலும் பிறந்த பிள்ளைகளுக்குப் பட்டாளம் என்னும் சொல் புதிதன்று. வேலூரையடுத்த கம்மவான்பேட்டை, வீடுதோறும் வீரரை அனுப்பி, இராணுவப்பேட்டை என்றே பெயர் பெற்றது. எனினும் சிப்பாயாகச் செல்லும் வழியை அறிந்த அளவு, அதிகாரியாகச் செல்லும் வழியை நம்மவர் அறிந்திலர். அவ்வழிக்கு வாயில்கள் இரண்டு. பள்ளியிறுதி முடித்தவுடன், பதினாறரை வயதிற்கும் பத்தொன்பதரை வயதிற்கும் இடையே, தேர்வு எழுதித் தேசியப் பாதுகாப்புக் கழகத்திற் புகுவது ஒன்று. கல்லூரியிற் பயின்று, தேசிய மாணவர் படையிற் பழகி, பட்டம் பெற்றபின் டேராடூனிலோ சென்னைப் பரங்கிமலையிலோ உள்ள பயிற்சிக் கழகத்திற் புகுவது மற்றொன்று. கல்லூரிக்கு வந்த பின்னரே முதல் வாயிலைப் பற்றிக் கேள்வியுறும் இளைஞன், அதன் வயதெல்லை தன்னைக் கடந்து செல்வதைக் கண்டு மனந்தளர்கின்றான். இளமையிலேயே படைக்கலப் பயிற்சி பெற்றோர்க்குத் தான் என்றும் பின்னவனே என எண்ணுகின்றான். இக்கட்டுரை எழுதுவோனும் அவ்வாறு மயங்கியவருள் ஒருவன். அம்மயக்கம் தெளியும் பொருட்டே படைத்தலைவர் கரியப்பாவின் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தேன்.

காவிரித்தாய் தோன்றும் குடகு நாட்டில், சனிவாரசந்தை என்னும் ஊரில், 1899 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 28 ஆம் நாள் கொடந்தேர மாடப்ப கரியப்பா பிறந்தார். தந்தையார் மாடப்பா வருவாய்த் துறையில் அலுவல் பார்த்தவர். குடகர் வேட்டையிலும் வீரத்திலும் பேர் பெற்றோர். ஆண்டுக்கொருமுறை படைக்கலங்களை வைத்து வழிபட்டு விழா எடுக்கும் வழக்கமுடையோர். அத்தகைய குடியிற் பிறந்தும், கரியப்பா இளமையிற் சென்றது படைப்பள்ளிக்கன்று. மடிக்கேரி உயர்நிலைப் பள்ளியிற் கற்றுத் தேறி, 1917 ஆம் ஆண்டில் சென்னைக்குப் போந்து, கடற்கரையை நோக்கி நிற்கும் இராஜதானிக் கலாசாலையில், அஃதாவது இன்று மாநிலக் கல்லூரி என வழங்கும் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கே நூல்களிலும் நாடகங்களிலும் விருப்பங்கொண்டார். ஹாக்கியும் டென்னிசும் ஆடினார். நம்மைப் போன்றே அவரும் ஒரு கல்லூரி மாணவர் என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

அக்காலத்தில் முதல் உலகப் பெரும்போர் நடந்துகொண்டிருந்தது. இந்தியர் எத்துணை ஆண்டு படையில் உழைத்தாலும் சுபேதார் மேஜர் முதலிய பதவிகளோடு நிற்பதே முறையாக இருந்தது. அரசரின் கமிஷன் பெற்ற அதிகாரி என்னும் நிலை வெள்ளையர்க்கே உரியதாயிருந்தது. 1917 ஆம் ஆண்டில் அக்கதவு சிறிதே திறந்தது. இங்கிலாந்தில் உள்ள சாண்ட்ஹர்ஸ்ட் படைக்கழகத்தில் ஆண்டுக்குப் பத்து இடங்கள் இந்தியர்க்கென ஒதுக்கப்பெற்றன. கடல் கடந்து சென்று கற்கும் பெருஞ்செலவைத் தாங்கவல்ல செல்வக் குடியினர்க்கே அவ்வாயில் எளிதாயிற்று. அதனோடு, போரின் தேவையை முன்னிட்டு, இந்தூரில் உள்ள டேலி கல்லூரியில் தற்காலிகமாக ஒரு பயிற்சிப் பள்ளி 1918 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. இச்செய்தி சென்னையிற் பயின்றுகொண்டிருந்த கரியப்பாவின் செவிக்கு எட்டியது. அவர் விண்ணப்பித்தார். விண்ணப்பித்தோர் எழுபதின்மர், தேர்ந்தெடுக்கப்பெற்றோர் நாற்பத்திருவர், கரியப்பா அவருள் ஒருவர். பயிற்சியின் முடிவில் ஏழாமவராகத் தேறி, 1919 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதல் நாள் கமிஷன் பெற்றார்.

அவர் முதன்முதல் அமர்ந்த பட்டாளம் 88 ஆவது கர்நாடகக் காலாட்படையின் இரண்டாம் பிரிவாகும். கர்நாடகம் என்னும் அப்பெயர் இன்றைய கன்னட மாநிலத்தைக் குறித்ததன்று. ஆர்க்காட்டைத் தலைநகராகக் கொண்டு நவாபுகள் ஆண்ட நம் நாட்டையே குறித்தது. பழைய சென்னைப் படையின் வழிவந்த அப்பட்டாளத்தின் பெயரைத் தாங்கியே, பின்னாளில் இந்தியப் படை முழுவதற்கும் தலைவராக விளங்கியவர் தம் படைவாழ்வைத் தொடங்கினார் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவதொன்று.

இனிக் கூறப்போவதே இவ்வரலாற்றில் நாம் பெரிதும் கருதத்தக்கது. இந்தூரில் தேறியோர் பெற்ற கமிஷன் முதலில் தற்காலிகமானது. 1922 ஆம் ஆண்டில் அது நிலையானதாக்கப்பட்டபோது, அவர்தம் பதவிமூப்பு 1919 டிசம்பரிலிருந்து கணக்கிடப்படவில்லை; 1920 சூலை 17 ஆம் நாளிலிருந்தே கணக்கிடப்பட்டது. அந்நாளைத் தேர்ந்ததன் காரணம் யாது? சாண்ட்ஹர்ஸ்டிற் பயின்ற முதல் இந்தியக் குழுவினர் சூலை 16 ஆம் நாள் தேறி வெளிவந்தனர். இந்தூர் மாணவர் அவர்க்கு ஒரு நாளேனும் இளையராதல் வேண்டும் என்பதே கருத்து. ஏழரைத் திங்கள் முன்னரே கமிஷன் பெற்று, மெசபொட்டேமியா வரை சென்று பணிபுரிந்தும், புகுந்த வாயில் வேறு என்ற ஒரே காரணத்தால் கரியப்பா பின்னே நிறுத்தப்பட்டார். வாயிலால் உண்டாகும் வேற்றுமை வெறுங்கற்பனை என்று சொல்வார் இவ்வரலாற்றை அறியாதவரே. அவ்வேற்றுமை உண்மை, அதனைக் கரியப்பா தம் வாழ்விலேயே பட்டறிந்தார்.

அதனோடும் இடர் நின்றபாடில்லை. இந்திய அதிகாரிகளின் கீழ் வெள்ளை அதிகாரிகள் பணிபுரிய நேராவண்ணம், எட்டுப் பிரிவுகளைத் தனியே வகுத்து அவற்றிலேயே இந்திய அதிகாரிகளை அமர்த்தும் திட்டம் 1923 ஆம் ஆண்டில் வந்தது. அவ்வெட்டினுள் ஒன்றாகிய ஏழாவது இராஜபுத்திரப் படையின் முதற்பிரிவிற் கரியப்பா அமர்ந்தார். அவர் இவற்றிற்காக வெகுண்டு பதவியைத் துறந்தாரல்லர். மனங்கசந்து கடமையிற் குறைந்தாருமல்லர். விடுமுறையில் ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான், சீனம் முதலிய நாடுகளைச் சுற்றிக் கண்டு அறிவைப் பெருக்கினார். வசீரிஸ்தான மலைநாட்டிற் போர்த்தொழில் பழகினார். 1933 ஆம் ஆண்டில் குவெட்டாவில் இருந்த படைத்தலைமைக் கல்லூரியிற் புகுந்தார்; அக்கல்லூரியிற் பயின்ற முதல் இந்திய அதிகாரி அவரே. கற்கும் வழக்கம் கல்லூரியோடு முடிந்துவிடாமல் அவரோடு தொடர்ந்து வந்ததை இங்கே காண்க.

இரண்டாம் உலகப் போரில் அவர் ஈராக்கு, சிரியா, ஈரான் ஆகிய நாடுகளிற் பணியாற்றினார். 1942 ஆம் ஆண்டில் ஒரு பட்டாளத்திற்குத் தலைமை தாங்கினார். அப்பேறு பெற்ற முதல் இந்தியரும் அவரே. கமிஷன் பெற்ற நாளிலிருந்து அத்தலைமையை எய்த இருபத்து மூன்று ஆண்டுகள் சென்றன. நம்முள் ஓராண்டு பொறுக்க மாட்டாது வழியை மாற்றிக்கொள்வோர் எத்துணையர்! பின்னர் அவர் பர்மாப் போர்முனைக்குச் சென்றார். பிரிகேடியராக உயர்ந்து எல்லைப்புறத்துப் பன்னுவிற் படைப்பிரிவு ஒன்றை நடத்தினார். அங்கே அவர்கீழ்ப் பணிபுரிந்தவருள் அயூப் கான் என்பாரும் ஒருவர். அவர் பின்னாளிற் பாக்கிஸ்தானின் அதிபரானார். இத்தொடர்பு பின்னர்க் கூறப்படும் நிகழ்ச்சியொன்றிற்கு வித்தாயிற்று.

1947 ஆம் ஆண்டில் நாடு விடுதலை பெற்றதும், பிரிவுற்றதும், காஷ்மீரத்திற் போர் மூண்டதும் யாவரும் அறிந்தவை. 1948 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கரியப்பா மேற்குப் படைமண்டலத்தின் தலைமையை ஏற்றார். காஷ்மீரப் பள்ளத்தாக்கின் படைக்குத் திம்மையா என்பாரைத் தலைவராக்கினார். திம்மையாவும் குடகரே, ஆயின் அவர் இளமையிலேயே டேராடூன் படைப்பள்ளியிற் பயின்று, சாண்ட்ஹர்ஸ்ட் சென்று 1926 ஆம் ஆண்டிற் கமிஷன் பெற்றவர். முதல் வாயிலின் முழுப்பயனையும் பெற்றவர் அவர். 1948 நவம்பர் முதல் நாள், பதினோராயிரம் அடிக்கு மேற்பட்ட சோஜிலாக் கணவாயிற் பனியினூடே டாங்கிகளை ஏற்றித் திம்மையா பகைவரை வியப்பில் ஆழ்த்தினார். அவ்வெற்றியால் திராசும் கார்கிலும் மீட்கப்பட்டன. லேவுக்குச் செல்லும் வழி திறந்தது. கல்லூரி வாயிலாக வந்தவர் ஆணையிடும் தலைவராகவும், படைக்கழக வாயிலாக வந்தவர் அதனை முடிக்கும் தலைவராகவும் ஒருங்கே நின்ற அக்களத்தில், எவர் எங்குப் பயின்றார் என்று பனிமலை வினவவில்லை. அவர்கட்குள் பொறாமை புகுந்திருப்பின் லடாக்கின் நிலை யாதாகியிருக்கும்?

1949 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15 ஆம் நாள், ஆங்கிலத் தளபதி ராய் புச்சரிடமிருந்து இந்தியப் படையின் தலைமையைக் கரியப்பா ஏற்றுக்கொண்டார். இந்தியர் ஒருவர் அப்பதவியை ஏற்றது அதுவே முதன்முறை. அந்நாளே இன்றளவும் படைநாளாகக் கொண்டாடப்படுகின்றது. ஒரு நாள் இளையராகக் கணக்கிடப்பட்டவர் அனைவர்க்கும் மூத்தவராக நின்ற காட்சியை எண்ணுந்தோறும் உள்ளம் உவக்கின்றது.

அவர் தலைமை தாங்கிய காலத்தை ஒட்டியே, நாம் முன்னர்க் கூறிய இரு வாயில்களும் விடுதலை நாட்டில் உருப்பெற்றன. 1948 ஆம் ஆண்டில் எழுந்த தேசிய மாணவர் படை கல்லூரிதோறும் பரவியது. அவர் அதற்கு ஊக்கமளித்தார். 1949 அக்டோபர் 6 ஆம் நாள் கடக்வாசலாவில் தேசியப் பாதுகாப்புக் கழகத்திற்குப் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். அதற்கு மூன்றாம் நாள், தம் தொழிலை விடாமலே குடிமக்கள் படைப்பயிற்சி பெறுதற்குரிய பிரதேசப் படையை இராஜகோபாலாச்சாரியார் தொடங்கி வைத்தார். படைஞர் அரசியலிற் புகலாகாது என்னும் நெறியைக் கரியப்பா வற்புறுத்தினார். 1953 ஆம் ஆண்டில் ஓய்வு பெற்று, 1956 வரை ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளில் இந்தியத் தூதராக விளங்கினார். 1971 ஆம் ஆண்டில் பம்பாயில் மக்களவைத் தேர்தலில் நின்று தோற்றதும் உண்டு. களத்தில் வென்றவர் யாவரும் வாக்குச்சாவடியில் வெல்வதில்லை.

அவர்தம் உள்ளத்தின் உயர்வைக் காட்டும் நிகழ்ச்சி 1965 ஆம் ஆண்டுப் போரில் நேர்ந்தது. விமானப்படையிற் பணிபுரிந்த அவர் மைந்தர் நந்தா கரியப்பாவின் விமானம் பாக்கிஸ்தான் எல்லைக்குள் வீழ்த்தப்பட்டது, மைந்தர் சிறைப்பட்டார். அப்போது பாக்கிஸ்தான் அதிபராயிருந்த அயூப் கான், தம் பழைய தலைவரை நினைந்து, மைந்தரை விடுவிக்க முன்வந்தார். பெற்ற வயிறு எரியும் அவ்வேளையிலும் கரியப்பா அதனை ஏற்கவில்லை. சிறைப்பட்ட இந்திய வீரர் அனைவரும் தம் மக்களே எனவும், தம் மகனுக்கென்று தனிச்சலுகை வேண்டா எனவும் அறிவித்துவிட்டார். வேறு வாயிலால் வந்தவர் என்று தமக்குச் செய்யப்பட்ட வேற்றுமையை ஒரு காலத்திற் பொறுத்துக்கொண்டவர், தம் மகன் என்று வேற்றுமை செய்ய வாய்த்தபோது அதனை மறுத்தார். இதனினும் சிறந்த நடுநிலைமை யாது? மைந்தர் பின்னர் ஏனையோரோடு விடுதலை பெற்றுத் தாயகம் மீண்டார்.

1986 ஆம் ஆண்டில் அரசாங்கம் அவர்க்குப் பீல்டு மார்ஷல் என்னும் மிக உயர்ந்த பட்டத்தை அளித்துப் பெருமை செய்தது. மடிக்கேரியில் அமைதியாக வாழ்ந்து, 1993 ஆம் ஆண்டு மே 15 ஆம் நாள் பெங்களூரில் அவர் உயிர் நீத்தார். அவர் உடல் காவிரி பிறக்கும் குடகு மண்ணிலேயே எரியூட்டப்பெற்றது.

திருமறையில், கோலியாத்தை எதிர்க்கச் சென்ற தாவீதுக்குச் சவுல் மன்னன் தன் கவசத்தை அணிவித்ததும், அது பழகாதது என்று தாவீது அதனைக் களைந்து, தான் பழகிய கவணோடு சென்றதும் நாம் அறிந்தவை. கவசம் இழிந்தது என்பது அதன் பொருளன்று. பிறர் பழகிய கருவியைத் தான் பெறவில்லையே என்று களத்தின் ஓரத்தில் நின்று அழாமையே அதன் பொருள். இன்னும் வயதும் வாய்ப்பும் உள்ள தம்பியர் முதல் வாயிலைத் தட்டுக. பன்னிரண்டாம் வகுப்பிற் பயிலும் தங்கையரும் தட்டுக, 2022 முதல் அக்கழகம் மகளிர்க்கும் திறந்துள்ளது. நம் ஊர்ப் பள்ளிகளிற் பயிலும் இளையோர்க்கு அச்செய்தியைக் காலத்தில் எடுத்துச் சொல்வது கல்லூரிக்கு வந்துவிட்ட நம் கடமை. அவ்வாயில் கடந்துபோயிற்றேல், கல்லூரி மைதானத்தில் காலையில் நடைபயிலும் மாணவர் படையின் வரிசை நமக்காகக் காத்திருக்கின்றது. ஒரு நாள் பின்னே நிறுத்தப்படினும், இருபத்து மூன்று ஆண்டு பொறுத்துக் கற்கும் உறுதி நம்மிடம் உண்டா என்பதே கரியப்பாவின் வாழ்க்கை நம்மை நோக்கி விடுக்கும் வினா. அவ்வினாவிற்கு விடையை ஒவ்வொருவரும் தத்தம் உள்ளத்தில் தேடிக்கொள்வோமாக.