கண்ணாடி அணிந்த மகன்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

ருட்யார்ட் கிப்ளிங் என்றதும் ஓநாய்களோடு வளர்ந்த மோக்லி நினைவுக்கு வருவான். 1907-ஆம் ஆண்டு நாற்பத்தொரு வயதில் நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் என்று நம் ஆங்கிலப் பேராசிரியர்கள் சொல்வார்கள். ஆனால் நண்பர்களே, எனக்கு அவர் அறிமுகமானது வேறு வழியாக.

சென்ற ஆண்டு இராணுவ ஆள்சேர்ப்பு முகாமுக்குப் போனேன். ஓட்டத்தில் தேறினேன், மார்பளவிலும் தேறினேன். கண் பரிசோதனையில் எழுத்துகள் எறும்புகளாய் ஊர்ந்தன. வெளியே அனுப்பிவிட்டார்கள். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்த அப்பா, மைதானத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லக்கூடிய பெரிய மனிதர் யாரையாவது எனக்குத் தெரியுமா என்று பேருந்தில் கேட்டார். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். எனக்கு யாரைத் தெரியும்?

கிப்ளிங்குக்குத் தெரிந்திருந்தது!

அவர் 1865 டிசம்பர் 30-இல் பம்பாயில் பிறந்தவர். ஆறு வயது நிறையுமுன்பே இங்கிலாந்தில் ஒரு குடும்பத்தில் விடப்பட்டார். அங்கே கண் மங்கியது, எவரும் அறியவில்லை. படிப்பில் பின்தங்கியதற்குத் தண்டனைதான் கிடைத்தது. பின்னர் படித்ததோ, இராணுவ அதிகாரிகள் தம் பிள்ளைகளுக்காக ஏற்படுத்திய பள்ளி. அங்கே தடித்த கண்ணாடியோடு திரிந்த சிறுவனுக்குப் படையில் இடமேது? 1882-இல் லாகூர் திரும்பிப் பத்திரிகையாளரானார். சிப்பாய்களைப் பற்றி எழுதி எழுதியே புகழ் பெற்றார். தாம் அடைய முடியாததை மகன் அடையட்டும் என்று எண்ணியிருப்பாரோ என்பது என் ஊகம்.

மூன்று குழந்தைகளில் மூத்தவள் ஜோசபின், 1899-இல் நியூயார்க்கில் நிமோனியாவால் ஆறு வயதில் மறைந்தாள். ஒரே மகன் ஜான், 1897 ஆகஸ்ட் 17-இல் பிறந்தவன். அவனுக்குக் கடும் கிட்டப்பார்வை. விழிக்கோளம் நீண்டுவிட்டால் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடும். குழிவில்லை போட்டுத்தான் அதைப் பின்னுக்குத் தள்ள வேண்டும் என்று நம் ஒளியியல் வகுப்பில் படித்தோம் அல்லவா? அந்தக் கண்ணால் கடற்படைக் கனவு கலைந்தது. 1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டதும் தரைப்படைக்கு முயன்றான்; அங்கும் கண்ணே தடையானது.

அப்போதுதான் தந்தை தம் பழைய நண்பர் ராபர்ட்ஸ் பிரபுவை நாடினார். இந்தியாவில் தலைமைத் தளபதியாக இருந்தவர். ஐரிஷ் காவற்படையின் கௌரவத் தளபதி. அவர் சொல்லால் செப்டம்பரில் ஜானுக்கு அதிகாரிப் பதவி கிடைத்தது. அந்த ராபர்ட்ஸும் 1899-இல் போயர் போரில் மகனைப் பறிகொடுத்தவர்தான்.

எஸ்ஸெக்ஸில் உள்ள வார்லி பாசறையில் பயிற்சி நடந்தது. அணிவகுப்பு, துப்பாக்கி, படைவீரர்களை நடத்தும் முறை என ஏறக்குறைய ஓராண்டு. விடுப்பில் வீட்டுக்கு வருவான். தந்தையின் கடிதங்களும் போய்க்கொண்டே இருக்கும். பதினெட்டு நிறையாத மகன் கடல் கடக்கத் தந்தையின் ஒப்புதல் தேவைப்பட்டது. அதையும் கிப்ளிங் கொடுத்தார். 1915 ஆகஸ்டில் ஜான் பிரான்சு சேர்ந்தான். அங்கிருந்து எழுதிய கடைசிக் கடிதங்களில் ஒன்றில், தன் அடையாள வில்லை தொலைந்துவிட்டது, வேறொன்று வாங்கி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தான்.

லூஸ் என்னும் இடத்தில் செப்டம்பர் 25-இல் தொடங்கிய போரில் ஆங்கிலேயர் முதன்முதலாக நச்சுவாயுவைப் பயன்படுத்தினர். 27-ஆம் நாள், சுண்ணாம்புக்கல் குழியை ஒட்டிய காட்டருகே ஜான் காணாமற் போனான். அவன் கண்ட முதல் போர் அது. புகைக்கு நடுவே அந்தக் கண்ணாடி எவ்வளவு உதவியிருக்கும்?

பெற்றோர் மருத்துவமனை மருத்துவமனையாக அலைந்து, காயம்பட்ட ஐரிஷ் வீரர்களை விசாரித்தார்கள். ஜெர்மானியர் பகுதியில் விமானத்திலிருந்து துண்டறிக்கைகள்கூடப் போடப்பட்டன. உடல் கிடைக்கவில்லை. மகன் இருந்த படையின் போர் வரலாற்றை இரண்டு தொகுதிகளாக எழுதி 1923-இல் வெளியிட்டார் கிப்ளிங். அதில் மகனுக்கென்று தனி இடம் எடுத்துக்கொள்ளவில்லை. 1917 முதல் போர்க் கல்லறை ஆணையத்தில் பணியாற்றினார். பெயர் தெரியாத வீரர்களின் கல்லறைகளில், இறைவனுக்கு மட்டுமே தெரிந்தவர் என்ற பொருளில் வரும் வாசகம் அவர் தந்ததே. நெவ் ஷப்பேலில் இந்திய வீரர்களுக்கு எழுப்பிய நினைவகத்தின் திறப்பு விழாவுக்கும் 1927-இல் சென்றிருந்தார்.

ஜாலியன்வாலாபாக் டயருக்கு நிதி கொடுத்தவரும் இதே கிப்ளிங்தான். அதை நான் மறக்கவில்லை. எத்தனையோ தாய்களின் பிள்ளைகளைக் கொன்றவனுக்கு, பிள்ளையை இழந்த தந்தை எப்படிக் கொடுத்தார் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

1936 ஜனவரி 18-இல் அவர் மறைந்தார். ஐம்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 1992-இல், பெயரில்லாத ஐரிஷ் படை லெப்டினன்ட் ஒருவரின் கல்லறை ஜானுடையதென ஆணையம் அறிவித்தது. ஆய்வாளர் சிலர் மறுத்தனர். ஆணையம் தன் முடிவில் நின்றது. அதுவரை அந்தக் கல்லில் இருந்தது தந்தை தந்த அதே வாசகம்.

இந்தக் கதையை ஒரு இரவு அப்பாவிடம் சொன்னேன். பீடியை அணைத்துவிட்டு, கல்லறை தெரிந்தபோது அந்தப் பையனின் தாய் உயிரோடு இருந்தாளா என்று மட்டும் கேட்டார். இல்லை, 1939-லேயே போய்விட்டாள் என்றேன்.