வாலி பையம்

வாலி பையம் (சூலை 4, 1896 – சூலை 22, 1962) ஓர் அமெரிக்கத் தொழில் முனைவர். மகிழுந்தின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லப்படும் வீட்டுவண்டிகளை உருவாக்கிய ஏர்ஸ்ட்ரீம் நிறுவனத்தைத் தொடங்கியவர் இவரே. இவ்வகை வண்டிகள் பொதுவாக டிரெய்லர் எனப்படுகின்றன. வெள்ளிபோல் மின்னும் அலுமினிய உடலும் உருண்ட முனைகளும் கொண்ட ஏர்ஸ்ட்ரீம் வண்டி, 20ஆம் நூற்றாண்டு அமெரிக்க வடிவமைப்பின் அடையாளங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. எனினும் அவ்வடிவத்தை முதலில் உருவாக்கியவர் பையம் அல்லர். அதனை ஆக்கியவர் ஹாலி போலஸ் என்னும் வானூர்தி வடிவமைப்பாளர். பையம் செய்த முதன்மையான மாற்றம் கதவை இடம் மாற்றியதாகும்.

இளமைக்காலம்

வாலஸ் மெர்ல் பையம் என்பது இவரது முழுப்பெயர். ஒரிகன் மாநிலத்தின் பேக்கர் நகரில் பிறந்தார். இவர் சிறுவனாக இருந்தபோதே பெற்றோர் மணமுறிவு பெற்றனர். கோவேறு கழுதைகளைக் கொண்டு சரக்கு ஏற்றிச் செல்லும் தொழில் செய்த பாட்டனாருடன் பல இடங்களுக்கும் சென்றுவந்தார். பதின்ம வயதில் ஆடு மேய்க்கும் வேலை பார்த்தார். அப்போது கழுதை இழுக்கும் இருசக்கர மர வண்டியொன்றே அவருக்கு வீடாயிற்று. மண்ணெண்ணெய் அடுப்பு, தண்ணீர் வாளி, படுக்கை ஆகியவை அதனுள் இருந்தன. பின்னாளில் டிரெய்லர் பற்றிய எண்ணம் தமக்குத் தோன்றியதற்கு இவ்வண்டியையே அவர் காரணமாகக் காட்டினார். பையம் விளம்பரத் தொழிலில் ஊறியவர் ஆதலால், தம்மைப் பற்றி அவர் கூறிய கதைகளைச் சற்றுக் கவனத்துடன் அணுகுவது நலம்.

பள்ளிப் படிப்பு முடிந்தபின் சில ஆண்டுகள் வணிகக் கப்பல்களில் பணியாற்றினார். பின்னர் கலிபோர்னியாவில் உள்ள ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றார். அதன்பின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் விளம்பர எழுத்தாளராகப் பணியாற்றி, சொந்தமாக இதழ்களையும் வெளியிட்டார்.

முதல் வண்டிகள்

இவர் வெளியிட்ட இதழ் ஒன்றில், வீட்டிலேயே டிரெய்லர் செய்துகொள்வதற்கான வரைபடங்களுடன் ஒரு கட்டுரை வந்தது. அதன்படி வண்டி செய்ய முயன்ற வாசகர்கள் குறை கூறி எழுதினர். பையம் தாமே அவ்வரைபடத்தின்படி ஒரு வண்டியைக் கட்டிப் பார்த்து, குறை வரைபடத்தில்தான் உள்ளது என்பதை அறிந்தார். அதனைத் தொடர்ந்து தம் சொந்த வடிவங்களில் ஈடுபட்டார். ஃபோர்டு டி வகை மகிழுந்தின் அடிச்சட்டத்தின்மீது கூடாரம் அமைத்தது அவரது தொடக்க முயற்சிகளுள் ஒன்று. மழை பெய்தால் அது பயன்படவில்லை. அடுக்களை இல்லாத பயணத்திற்கு வர இயலாது என்று மனைவி மரியன் மறுத்துவிட்டார் என்றும் கூறப்படுகிறது. எனவே கூடாரத்திற்கு மாற்றாக, கண்ணீர்த் துளி வடிவில் மரத்தாலான கூண்டு ஒன்றைச் செய்து, அதில் அடுப்பும் பனிப்பெட்டியும் வைத்தார்.

பின்னர் சக்கரங்களுக்கு இடையில் தளத்தைக் கீழே இறக்கியும் கூரையை உயர்த்தியும் வண்டியை மாற்றியமைத்தார். இதனால் வண்டிக்குள் ஒருவர் நிமிர்ந்து நிற்க முடிந்தது. அக்காலச் சிறு டிரெய்லர்கள் பலவற்றில் குனிந்தே நடமாட வேண்டியிருந்தது என்பதைக் கருதினால் இது சிறிய மாற்றம் அன்று. இவ்வண்டியின் வரைபடங்களை அஞ்சல்வழி விற்றார். முழு வண்டியாகவே கேட்டவர்களுக்குத் தம் வீட்டின் கொல்லையில் செய்து கொடுத்தார். அண்டை வீட்டார் இரைச்சல் குறித்து முறையிட்டதால், 1930களின் தொடக்கத்தில் கல்வர் நகரில் ஒரு பட்டறையை அமைத்தார். 1934 முதல் ஏர்ஸ்ட்ரீம் என்னும் பெயரைப் பயன்படுத்தினார். இக்கட்டத்தில் வண்டிகளின் உடல் இன்னும் மரப்பலகையால் ஆனதாகவே இருந்தது.

ஹாலி போலஸ்

ஹாலி போலஸ், கிளைடர் எனப்படும் எந்திரமற்ற வானூர்திகளைச் செய்வதில் புகழ்பெற்றவர். 1927இல் சார்லஸ் லிண்ட்பெர்க் அட்லாண்டிக் பெருங்கடலைத் தனியாகக் கடந்த வானூர்தி, சான் டியேகோவில் கட்டப்பட்டபோது அப்பணியை மேற்பார்வையிட்டவரும் இவரே. வானூர்தி உடலைச் செய்யும் முறையிலேயே 1934இல் இவர் ஒரு டிரெய்லரை உருவாக்கினார். மெல்லிய அலுமினியத் தகடுகளைத் தறையாணிகளால் பிணைத்துச் செய்த அவ்வண்டிக்கு ரோடு சீஃப் என்று பெயரிட்டார். எடை குறைந்ததும் காற்றை எளிதில் கிழித்துச் செல்வதுமான வண்டி அது. ஆனால் விலை மிகுதி. பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் வாங்குவோர் குறைவாக இருந்தமையால், சில பத்து வண்டிகள் செய்யப்பட்டதோடு போலசின் தொழில் நொடித்துப்போனது. சில காலம் போலசின் வண்டிகளை விற்றுவந்த பையம் அவ்வடிவத்தைத் தமதாக்கிக் கொண்டார்.

கிளிப்பரும் கதவின் இடமாற்றமும்

ரோடு சீஃபின் கதவு வண்டியின் முன்முனையில், இழுவைத் தண்டிற்கு நேர் மேலே இருந்தது. உள்ளே செல்பவர் தண்டினைத் தாண்டிக் கால்வைத்து ஏற வேண்டும். மகிழுந்து பூட்டியிருக்கும்போது அதன் பின்பகுதிக்கும் வண்டிக்கும் இடையிலுள்ள குறுகிய இடைவெளியில் நுழைய வேண்டும். கைக்குழந்தையுடனோ நீர்க்குடத்துடனோ ஏறுபவருக்கு இது எவ்வளவு தொல்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆயினும் முன்கதவில் ஒரு பயன் இருந்தது. இவ்வகை வண்டியில் பாரத்தைத் தாங்கும் பங்கு வெளித்தகட்டிற்கும் உண்டு. முட்டை ஓட்டைப் போன்ற அத்தகட்டில் எங்கு துளையிட்டாலும், அவ்விடத்தில் ஓட வேண்டிய விசை துளையைச் சுற்றிக்கொண்டு செல்லும். துளையின் மூலைகள் கூராக இருப்பின் விசை அங்கே குவிந்து விரிசலை உண்டாக்கும். 1954இல் விபத்துக்குள்ளான காமெட் பயணிகள் வானூர்திகளின் உடல், இத்தகைய வெட்டுகளின் மூலைகளிலிருந்தே பிளந்தது பின்னர் கண்டறியப்பட்டது. முன்முனையில் கதவை வைத்தால் நீண்ட பக்கச் சுவர்களில் பெரிய வெட்டு விழாது.

சனவரி 17, 1936 அன்று பையம் அறிமுகப்படுத்திய ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பரில் கதவு பக்கச் சுவருக்கு வந்தது. கதவு நீங்கிய முன்முனையில் சன்னல் இடம்பெற்றது. பக்கச் சுவரில் கதவளவு வெட்டு விழுந்ததால் அதனைச் சுற்றி வலுவான சட்டம் தேவைப்பட்டது. சுவரின் வளைவுக்கு ஏற்பக் கதவும் வளைய வேண்டியிருந்தது. கட்டுவதற்குக் கடினமான இவ்வழியே ஏறி இறங்குவோர்க்கு எளிதாயிற்று. வண்டியின் உருவம் போலசினுடையது, வாசல் பையமுடையது என்று கூறினால் பெரிதும் பொருந்தும். பின்வந்த விளம்பரங்களில் போலசின் பெயர் மங்கிப்போனது நேர்மையான செயல் என்று சொல்வதற்கில்லை.

இவ்வண்டிகளின் கதவிலேயே சன்னல் அமைப்பது தனியொரு வேலை. பழைய டிரெய்லர்களைப் புதுப்பிப்போர் இதனைப் பெரிதும் விரும்புகின்றனர். வாயிலில் நிற்பவரை உள்ளிருந்தே காணலாம், குறுகிய உட்பகுதிக்கு வெளிச்சமும் கிடைக்கும். கதவு வண்டியின் பாரத்தைத் தாங்குவதில்லை என்பதால், சுவரை வெட்டுவதைவிடக் கதவை வெட்டுவது உடலுக்குத் தீங்கற்றது. ஆனால் கதவின் விறைப்பு குறையும். எனவே வெட்டின் மூலைகளை உருட்டி, உள்ளே இரு தகடுகளுக்கும் இடையில் சட்டம் வைத்து, விளிம்பில் நீர் கசியாமல் இரப்பர்ப் பட்டை பொருத்த வேண்டும். கதவு அடித்துச் சாத்தப்படும் ஆதலால் சாதாரணக் கண்ணாடி அதற்கு உதவாது.

கிளிப்பரில் நால்வர் உறங்கலாம். மின்விளக்கு, நீர்த்தொட்டி, அடுக்களை ஆகியவை இருந்தன. விலை 1,200 டாலர். அன்றைய நிலையில் இது பெருந்தொகையாக இருந்தும் வேண்டுவோர் மிகுந்தனர். பான் அமெரிக்கன் நிறுவனத்தின் கிளிப்பர் கடல் வானூர்திகளை நினைவூட்டும் வகையில் இப்பெயர் இடப்பட்டது.

போரும் பின்னரும்

இரண்டாம் உலகப் போரில் அலுமினியம் படைத்துறைத் தேவைக்கு ஒதுக்கப்பட்டதால் தொழிற்சாலை மூடப்பட்டது. பையம் வானூர்தித் தொழிலில் பணியாற்றினார். போருக்குப்பின் 1940களின் இறுதியில் ஏர்ஸ்ட்ரீமை மீண்டும் தொடங்கினார். 1952இல் ஒகையோ மாநிலத்தின் ஜாக்சன் சென்டர் என்னும் சிற்றூரில் மற்றொரு தொழிற்சாலை அமைந்தது. பின்னாளில் நிறுவனத்தின் தலைமையிடமும் அவ்வூரே ஆயிற்று.

கூட்டுப் பயணங்கள்

1951இன் இறுதியில் பையம் அறுபதுக்கும் மேற்பட்ட வண்டிகளுடன் மெக்சிக்கோ வழியாக நடு அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். சாலைகள் மிக மோசமாக இருந்தமையால் பலர் இடையிலேயே திரும்பினர். வண்டிகளின் அச்சுகளும் இணைப்புகளும் எங்கெங்கே முறிகின்றன என்பதை இப்பயணம் காட்டிக்கொடுத்தது. அவற்றைத் திருத்துவதற்கான சோதனைக்களமாகவே பையம் இத்தகைய பயணங்களைப் பயன்படுத்திக்கொண்டார். 1955இல் கனடாவின் நோவா ஸ்கோசியாவில் கூடிய உரிமையாளர்கள், அவர் பெயரிலேயே ஒரு பயணச் சங்கத்தை அமைத்தனர்.

1959–60இல் ஏறத்தாழ 40 வண்டிகள் ஆப்பிரிக்காவின் கேப் டவுனிலிருந்து கெய்ரோ வரை சென்றன. எத்தியோப்பியாவில் பேரரசர் ஹைலி செலாசி இவ்வணியைப் பார்வையிட்டார். தம் பயண அனுபவங்களைப் பையம் 1960இல் ஒரு நூலாக வெளியிட்டார்.

மறைவு

பையம் மூளைக் கட்டியினால் 1962 சூலை 22 அன்று லாஸ் ஏஞ்சலசில் காலமானார். ஹாலி போலஸ் 1967இல் காலமானார்.

இவர் இறந்து ஏழாண்டுகளுக்குப் பின், நிலவிலிருந்து திரும்பிய அப்பல்லோ 11 வீரர்களைத் தனிமைப்படுத்தி வைக்க நாசா ஏர்ஸ்ட்ரீம் உடல் ஒன்றையே மாற்றியமைத்துப் பயன்படுத்தியது. நிலவில் நுண்ணுயிர்கள் இருப்பின் அவை வெளியே பரவாதிருக்க, உட்புறக் காற்றழுத்தம் வெளியினும் குறைவாக வைக்கப்பட்டிருந்தது. சூலை 24, 1969 அன்று ஹார்னெட் என்னும் போர்க்கப்பலில் வீரர்களை வரவேற்ற குடியரசுத் தலைவர் ரிச்சர்டு நிக்சன், அவ்வண்டியின் முனையிலிருந்த சன்னல் வழியாகவே அவர்களுடன் பேசினார்.