ஊரெல்லாம் விழித்திருக்க, அவர் தூங்கினார்!

1948-ம் ஆண்டு நவம்பர் 2-ந் தேதி. அமெரிக்காவில் ஜனாதிபதி தேர்தல் நடந்த நாள். இரவு ஓட்டு எண்ணிக்கை தொடங்கிவிட்டது.

நியூயார்க்கில் ஒரு பெரிய ஓட்டலில் டூயி என்பவரின் கட்சிக்காரர்கள் கூடியிருந்தார்கள். அவர்தான் ஜெயிப்பார் என்று நாடே நம்பியது.

அவரை எதிர்த்து நின்றவர், அப்போது ஜனாதிபதியாக இருந்த ஹாரி ட்ரூமன். நிருபர்கள் அவர் வீட்டு வாசலில் காத்துக் கிடந்தார்கள். அவரோ யாருக்கும் தெரியாமல் நழுவிப் போய்விட்டார்! சுமார் 30 மைல் தூரத்தில், எக்செல்சியர் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில், ஒரு ஓட்டல் அறையில் இருந்தார். உடன் இருந்தவர்கள் மெய்க்காவலர்கள் மட்டுமே. வெந்நீரில் குளித்தார். இறைச்சி வைத்த ரொட்டியைத் தின்றார். ஒரு தம்ளர் பால் குடித்தார். படுத்துத் தூங்கிவிட்டார்.

தோற்கப் போகிறவருக்குத் தூக்கம் வருமா? இவருக்கு வந்தது.

கடன்பட்ட கடைக்காரர்

ட்ரூமன் 1884-ம் ஆண்டு மிசௌரி மாகாணத்தில் லாமர் என்ற ஊரில் பிறந்தார். சிறு வயதிலேயே கண் பார்வை மங்கல். தடித்த கண்ணாடி போட்டார். கண்ணாடி உடைந்துவிடும் என்ற பயத்தில் மற்றப் பையன்களோடு விளையாடப் போகமாட்டார். புத்தகமும் பியானோவும்தான் துணை.

தகப்பனார் வியாபாரத்தில் பணத்தை இழந்தார். மகனால் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற முடியவில்லை. பாங்கியில் குமாஸ்தா வேலை பார்த்தார். பிறகு பத்து ஆண்டுகளுக்கு மேல் குடும்ப நிலத்தில் பாடுபட்டார். முதல் உலக யுத்தத்தில் பிரான்சுக்குப் போய், பீரங்கிப் படையில் காப்டனாக இருந்தார்.

திரும்பி வந்ததும், 1919-ல் பெஸ் என்ற பெண்ணை மணந்தார். பள்ளியில் கூடப் படித்தவர். அதே ஆண்டு ஒரு நண்பருடன் சேர்ந்து, கன்சாஸ் நகரில் சட்டை, தொப்பி விற்கும் கடை வைத்தார். மூன்று ஆண்டுக்குள் கடை மூழ்கியது. கடன்காரர்கள் சூழ்ந்தார்கள். ஆனால் ட்ரூமன் மஞ்சள் கடுதாசி நீட்டவில்லை. பல ஆண்டுகள் சிறுகச் சிறுகக் கொடுத்துக் கடனைத் தீர்த்தார்.

பிறகுதான் அரசியல். 1934-ல் செனட் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1945 ஜனவரியில் உப ஜனாதிபதி. அந்த ஆண்டு ஏப்ரல் 12-ந் தேதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் திடீரென்று இறந்தார். நாட்டின் பொறுப்பு ட்ரூமன் தலையில் விழுந்தது.

ஆகஸ்டு மாதம் ஹிரோஷிமா, நாகசாகி நகரங்கள் மீது அணுகுண்டு விழுந்தது இவர் ஆட்சியில்தான். பல்லாயிரக்கணக்கான மக்கள் மாண்டார்கள். அந்தப் பழி அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அதை மறைத்துவிட்டு அவர் கதையைச் சொல்ல முடியாது.

மூன்றாகப் பிளந்த கட்சி

1948-ல் தேர்தல் வந்தது. ட்ரூமனை அதுவரை ஜனாதிபதியாக ஜனங்கள் தேர்ந்தெடுத்ததில்லை. செத்தவர் இடத்துக்கு வந்தவர்தானே என்ற பேச்சு இருந்தது. இந்தத் தடவை தோற்றால் அந்தப் பேச்சே நிலைத்துவிடும்.

அவருடைய ஜனநாயகக் கட்சியோ மூன்றாகப் பிளந்தது. கறுப்பு இன மக்களுக்குச் சம உரிமை வேண்டும் என்று கட்சி தீர்மானம் போட்டதால், தென் மாகாணத்தார் கோபித்துக்கொண்டு தர்மண்ட் என்பவரை நிறுத்தினார்கள். இன்னொரு பக்கம் வாலஸ் என்பவர் தனிக் கட்சி கண்டார். வீடு இரண்டு பட்டாலே கஷ்டம். மூன்று பட்டால்?

ட்ரூமன் ரயில் ஏறினார். சுமார் 30,000 மைல் சுற்றினார். சின்னச் சின்ன ஸ்டேஷன்களிலும் ரயில் நின்றது. கடைசிப் பெட்டியின் பின்புறம் வந்து நின்று பேசுவார். பிறகு மனைவியையும் மகள் மார்கரெட்டையும் கூப்பிட்டு ஜனங்களுக்குக் காட்டுவார். ஒக்லஹோமாவில் ரயிலை நகர்த்தவே பணம் இல்லை. ஆதரவாளர்கள் அங்கேயே வசூல் செய்து வண்டியைக் கிளப்பினார்கள்.

குடியானவர்களிடம் அவர் குடியானவராகவே பேசினார். அந்த ஆண்டு சோளம் அமோக விளைச்சல். விலை சரிந்தது. சர்க்கார் செலவில் களஞ்சியம் கட்டுவதை எதிர்க்கட்சியின் கையில் இருந்த காங்கிரஸ் சபை குறைத்துவிட்டது. தானியத்தை எங்கே கொட்டுவது? ட்ரூமன் அதை ஊர் ஊராக எடுத்துச் சொன்னார்.

ஒரு சோறு பதம்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். அதே முறையில், சில ஆயிரம் பேரைக் கேட்டு நாட்டின் மனத்தைச் சொல்வதுதான் கருத்துக் கணிப்பு. இதில் பேர் பெற்றவர் காலப். டூயிக்கு நூற்றுக்கு 49.5, ட்ரூமனுக்கு 44.5 என்று அவர் கணக்குச் சொன்னார். ரோப்பர் என்ற இன்னொருவர், இனிமேல் கேட்க ஒன்றும் இல்லை என்று செப்டம்பரிலேயே நிறுத்திவிட்டார். நியூஸ்வீக் பத்திரிகை 50 அரசியல் நிருபர்களைக் கேட்டது. 50 பேரும் டூயி என்றார்கள்!

ட்ரூமனும் ரயிலில் உட்கார்ந்து, மாகாணம் மாகாணமாக ஒரு கணக்குப் போட்டார். அமெரிக்காவில் ஒவ்வொரு மாகாணத்துக்கும் இத்தனை ஓட்டு என்று உண்டு. அன்று மொத்தம் 531. தமக்கு 340 வரும் என்று குறித்தார். உடன் இருந்தவர்களுக்கே நம்பிக்கை இல்லை. ஸ்டேஷனில் கூடிய கூட்டத்தை அவர் தம் கண்ணால் பார்த்திருந்தார். நிருபர்களும் அதே கூட்டத்தைத்தான் பார்த்தார்கள். கணிப்பு வேறு சொன்னதால், கண்ணை நம்பவில்லை.

நள்ளிரவு ரேடியோ

நள்ளிரவில் ட்ரூமனுக்கு விழிப்புத் தட்டியது. ரேடியோவைத் திருப்பினார். கால்டன்பார்ன் என்ற பிரபல அறிவிப்பாளர் பேசிக்கொண்டிருந்தார். ட்ரூமன் 12 லட்சம் ஓட்டு முன்னால் இருக்கிறார், ஆனாலும் தோற்றுவிடுவார் என்பது அவர் பேச்சின் சாரம். கிராமத்து ஓட்டு இன்னும் எண்ணவில்லை, அது டூயிக்கு வரும் என்பது கணக்கு.

ட்ரூமன் ரேடியோவை நிறுத்திவிட்டு மறுபடியும் தூங்கினார்.

சிக்காகோ டிரிப்யூன் பத்திரிகையில் அச்சுக் கோப்பவர்கள் வேலை நிறுத்தம் செய்து வந்த காலம் அது. அதனால் பத்திரிகையைச் சில மணி நேரம் முன்னதாகவே முடித்தாக வேண்டும். ஓட்டு எண்ணி முடியுமுன்பே, டூயி ட்ரூமனைத் தோற்கடித்தார் என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டார்கள். சுமார் ஒன்றரை லட்சம் பிரதிகள் அச்சாகிவிட்டன!

கிராமத்து ஓட்டு வந்தது. ஆனால் டூயிக்கு அல்ல. சோளம் விளையும் அயோவா ட்ரூமனுக்கு. விஸ்கான்சின் ட்ரூமனுக்கு. விடியற்காலை 4 மணிக்கு மெய்க்காவலர் அவரை எழுப்பினார். ஓட்டு வித்தியாசம் 20 லட்சம் ஆகியிருந்தது. ட்ரூமன் உடை உடுத்திக்கொண்டு கன்சாஸ் நகருக்குக் காரில் கிளம்பினார். காலையில் ஒஹையோ மாகாணம் சுமார் 7,000 ஓட்டு வித்தியாசத்தில் அவருக்கு வந்தது. சற்று நேரத்தில் டூயி தோல்வியை ஒப்புக்கொண்டார்.

ட்ரூமனுக்கு 303. டூயிக்கு 189. தர்மண்டுக்கு 39. வாலசுக்கு ஒன்றுமில்லை. ட்ரூமன் போட்ட 340-ம் சரியில்லைதான். ஆனால் யார் ஜெயிப்பார் என்பதில் அவர் தவறவில்லை.

கணித்தவர்கள் எங்கே இடறினார்கள்? பானை கொதித்துக்கொண்டிருக்கும்போதே சோற்றைப் பதம் பார்த்துவிட்டு அடுப்பை விட்டுப் போனார்கள். காலபின் கடைசிக் கேள்வி அக்டோபர் நடுவிலேயே முடிந்தது. அதன் பிறகு மனம் மாறியவர்களை யாரும் கேட்கவில்லை. பின்னால் வந்த தேர்தல்களில் கடைசி நாள் வரை கேட்கத் தொடங்கினார்கள்.

இரண்டு நாள் கழித்து, வாஷிங்டன் திரும்பும் வழியில், செயின்ட் லூயிஸ் ஸ்டேஷனில் ஒருவர் அந்த டிரிப்யூன் பிரதியை ட்ரூமனிடம் கொடுத்தார். அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து வாய் நிறையச் சிரித்தார். அந்தப் படம் உலகமெங்கும் வெளியாயிற்று. 1949 ஜனவரியில் ஒரு விருந்தில், கால்டன்பார்ன் பேசியதை அப்படியே அவர் குரலில் நடித்தும் காட்டினார்.

1953-ல் பதவி முடிந்ததும் ட்ரூமன் மனைவியுடன் ரயில் ஏறி, இண்டிபெண்டன்ஸ் ஊரில் தம் பழைய வீட்டுக்கே போனார். 1972-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி, 88-வது வயதில் காலமானார். அந்த ஊரில் அவர் பெயரில் உள்ள நூல் நிலையத்தின் முற்றத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். பத்து ஆண்டு கழித்து, பெஸ் அம்மாளும் அங்கேயே பக்கத்தில் அடக்கமானார்.