சாலிம் அலி

சாலிம் மொய்சுதீன் அப்துல் அலி (நவம்பர் 12, 1896 - ஜூன் 20, 1987) இந்தியாவின் புகழ்பெற்ற பறவையியல் அறிஞரும் இயற்கையியலாளரும் ஆவார். இவர் இந்தியாவின் பறவை மனிதர் என அழைக்கப்படுகிறார். துணைக்கண்டத்துப் பறவைகளை முறையான கள ஆய்வின் மூலம் ஆவணப்படுத்தியவர்களுள் இவர் முதன்மையானவர். இராசத்தான் மாநிலத்தின் பரத்பூர் பறவைகள் சரணாலயம் விளைநிலமாக மாற்றப்படாமல் காக்கப்பட்டதில் இவருக்குப் பெரும் பங்கு உண்டு. அதே சரணாலயத்தில் 1982 ஆம் ஆண்டு விதிக்கப்பட்டு உயிர்ச்சேதத்தில் முடிந்த மேய்ச்சல் தடையை இவரும் ஆதரித்திருந்தார். அத்தடை பறவைகளுக்கு நன்மை தரவில்லை என்று பின்னாளில் ஆய்வு செய்து காட்டியது, இவர் தம் வாழ்நாளெல்லாம் உழைத்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமே ஆகும்.

பிறப்பும் இளமையும்

சாலிம் அலி மும்பையில் ஒரு சுலைமானி போரா முசுலிம் குடும்பத்தில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்தார். தாய்மாமன் அமிருதீன் தயாப்ஜியும் அவரது மனைவி அமீதா பேகமும் இவரை வளர்த்தனர். மாமன் வேட்டையில் விருப்பம் உடையவர். அக்காலத்து வசதியான வீட்டுச் சிறுவர்களைப் போலவே சாலிமும் காற்றுத்துப்பாக்கியால் சிட்டுக்களைச் சுட்டுத் திரிந்தார்.

ஒரு நாள் அவர் சுட்டு வீழ்த்திய குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறத் திட்டு ஒன்று இருந்தது. அது வழக்கமான சிட்டுக்குருவி அன்று. அதனை உண்ணலாமா கூடாதா என்ற ஐயத்துடன் மாமனிடம் காட்டினார். மாமனுக்கும் அது என்ன பறவை என்று தெரியவில்லை. அவர் மருமகனை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளராக இருந்த மில்லார்டு என்பவரிடம் அனுப்பி வைத்தார். மில்லார்டு அதனை மஞ்சள் தொண்டைச் சிட்டு என இனங்கண்டு சொன்னதுடன், கழகத்தில் பதப்படுத்தி வைக்கப்பட்டிருந்த பறவைகளின் தொகுப்பையும் சிறுவனுக்குத் திறந்து காட்டினார். படிக்க நூல்களும் கொடுத்தார். 1883 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அக்கழகத்துடன் சாலிம் அலி கொண்ட உறவு அன்று தொடங்கி அவர் மறையும் வரை நீடித்தது.

கல்லூரிப் படிப்பு அவருக்கு எளிதாக அமையவில்லை. கணக்குக்கு அஞ்சிப் படிப்பை இடையில் விட்டு, பர்மாவின் தவோய் பகுதியில் குடும்பத்தார் நடத்திவந்த டங்சுடன் சுரங்க, மரத் தொழிலைக் கவனிக்கச் சென்றார். (செட்டிநாட்டு நகரத்தார் பர்மா முழுவதும் லேவாதேவிக் கடைகள் நடத்திவந்த காலமும் இதுவே.) தவோய்க் காடுகளில் அவருடைய கவனம் வணிகத்தைக் காட்டிலும் பறவைகளிடமே இருந்தது. 1917 இல் நாடு திரும்பினார். அடுத்த ஆண்டு தெகுமினாவை மணந்தார்.

வேலையும் வேலையின்மையும்

1926 இல் மும்பை வேல்சு இளவரசர் அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவில் வழிகாட்டி விரிவுரையாளர் பணி கிடைத்தது. பல்கலைக்கழகப் பட்டம் இல்லாத காரணத்தால் இந்திய விலங்கியல் அளவாய்வுத் துறையில் பணி பெற இயலாமற் போனவருக்கு இது பெரும் வாய்ப்பாக இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் விடுப்பு எடுத்துக்கொண்டு ஜெர்மனி சென்று, பெர்லின் அருங்காட்சியகத்தில் எர்வின் சுடெரசுமான் என்ற பறவையியல் பேராசிரியரிடம் பயிற்சி பெற்றார். அவரையே தம் குருவாகச் சாலிம் அலி இறுதி வரை கருதினார்.

1930 இல் திரும்பி வந்தபோது அவருடைய பணியிடமே நீக்கப்பட்டிருந்தது. வேறு வழியின்றி மும்பைக்கு அருகிலுள்ள கிகிம் என்ற கடற்கரைச் சிற்றூரில் மனைவியுடன் தங்கினார். வீட்டின் அருகே தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டியிருந்தன. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பனையோலைகளிலும் கிணற்றோர மரங்களிலும் தொங்கும் அதே கூடுகள்தாம். வேலையற்ற அம்மாதங்களில் அவற்றை நாள்தோறும் கவனித்தார். ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டியதும் பெண் குருவி வந்து பார்வையிடுகிறது. கூடு பிடித்திருந்தால் குடியேறுகிறது. பின்னர் ஆண் குருவி அடுத்த கூட்டைக் கட்டி அடுத்த துணையைத் தேடுகிறது. இவ்வுண்மையை அவர் விளக்கி எழுதிய கட்டுரை 1931 இல் வெளியாகிப் பறவையியலாளரிடையே அவருக்குப் பெயர் பெற்றுத் தந்தது.

அதன் பின் ஐதராபாத், திருவிதாங்கூர், கொச்சி முதலிய மன்னராட்சிப் பகுதிகளில் பறவைக் கணக்கெடுப்புகளை மேற்கொண்டார். ஊதியம் எதிர்பார்க்காமல், செலவுக்கு மட்டும் பணம் கிடைத்தால் போதும் என்ற ஏற்பாட்டில் அவை நடைபெற்றன. முகாம்களில் உடனிருந்து உதவிய தெகுமினா 1939 இல் ஒரு சிறு அறுவை மருத்துவத்துக்குப் பின் இறந்தார். சாலிம் அலி மறுமணம் செய்துகொள்ளவில்லை. தமக்கை வீட்டில் தங்கி, ஆய்விலேயே முழுவதுமாக ஈடுபட்டார்.

நூல்கள்

1941 இல் வெளிவந்த இந்தியப் பறவைகள் குறித்த இவரது வண்ணப்பட நூல், பறவை நோக்கலைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தது. அமெரிக்க அறிஞர் சிட்னி டில்லன் ரிப்ளியுடன் இணைந்து எழுதிய இந்திய, பாக்கித்தான் பறவைகள் கையேடு 10 தொகுதிகளாக 1968 முதல் 1974 வரை வெளிவந்தது. முதல் தொகுதி வெளிவந்தபோது அவருக்கு வயது எழுபதைக் கடந்திருந்தது. தன்வரலாற்று நூல் 1985 இல் வெளியானது. சிறுவயதில் சுட்ட அந்தக் குருவியே அதன் தலைப்பிலும் இடம்பெற்றது.

பரத்பூர்

பரத்பூர் சதுப்புநிலம் இயற்கையாக அமைந்த ஏரி அன்று. 18 ஆம் நூற்றாண்டில் பரத்பூர் மன்னர் சூரச்மல் காலத்தில் கட்டப்பட்ட அஜான் அணைக்கரையினால் தாழ்வான நிலத்தில் நீர் தேங்கத் தொடங்கியது. பின்னர் மன்னர் குடும்பம் அங்கே மடைகளும் சிறுகரைகளும் அமைத்து, குளிர்கால வாத்துகளுக்கான வேட்டைக்களமாக அதனை ஆக்கியது. நடுவிலுள்ள கேவலாதேவ் சிவன் கோயிலின் அருகே வேட்டைகளின் கணக்குகள் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. 1938 நவம்பர் 12 அன்று அரசப் பிரதிநிதி லின்லித்கோ பிரபுவுக்காக நடந்த வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் கொல்லப்பட்டன. அது சாலிம் அலியின் 42 ஆவது பிறந்த நாளாகவும் இருந்தது.

விடுதலைக்குப் பின் நிலைமை மாறியது. மன்னரின் வேட்டைக்காக நல்ல நிலமும் நீரும் வீணாகின்றன. சதுப்பை வடித்து உழவர்களுக்குப் பகிர்ந்தளிக்க வேண்டும் என்ற கோரிக்கை வலுப்பெற்றது. நிலமற்றவர்களின் நோக்கில் இது நியாயமற்ற கோரிக்கை எனச் சொல்ல இயலாது. சாலிம் அலி அன்றைய தலைமை அமைச்சர் சவகர்லால் நேருவிடம் அவ்விடத்தின் சிறப்பை எடுத்துரைத்தார். சதுப்பு தப்பியது. 1956 இல் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. எனினும் மன்னர் குடும்பத்தின் வேட்டை உரிமை 1972 வரை நீடித்தது.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இங்கு முகாமிட்டு, வலசை வரும் பறவைகளின் கால்களில் வளையம் பூட்டும் பணியைப் பல ஆண்டுகள் செய்தது. 1981 இல் ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலிலும், 1985 இல் யுனெசுகோவின் உலக பாரம்பரியக் களங்களின் பட்டியலிலும் இவ்விடம் சேர்க்கப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் கேவலாதேவ் தேசியப் பூங்கா ஆனது. பரப்பு ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர்.

மேய்ச்சல் தடை

பூங்காவைச் சுற்றிப் பல சிற்றூர்கள் உள்ளன. அவ்வூர்களின் எருமைகளும் மாடுகளும் தலைமுறை தலைமுறையாகச் சதுப்பில் மேய்ந்து வந்தன. மக்கள் அங்கே புல்லும் விறகும் எடுத்தனர். தேசியப் பூங்காவுக்குள் மேய்ச்சலை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிக்கவில்லை. கால்நடைகள் சதுப்பைக் கெடுக்கின்றன என்பதே அன்றைய அறிவியலாளர் பலரின் கருத்தாகவும் இருந்தது. சாலிம் அலியும் மேய்ச்சலை நிறுத்த வேண்டும் என்றே அறிவுறுத்தினார்.

1982 நவம்பரில் தடை நடைமுறைக்கு வந்தது. ஊர் மக்களுடன் கலந்து பேசப்படவில்லை. மாற்று மேய்ச்சல் நிலமோ தீவனமோ ஏற்பாடு செய்யப்படவில்லை. கால்நடைகளுடன் பூங்காவுக்குள் நுழைய முயன்ற மக்களுக்கும் காவல்துறைக்கும் மோதல் ஏற்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் ஊர் மக்கள் பலர் உயிரிழந்தனர். இந்தியாவில் இயற்கைப் பாதுகாப்பும் மக்கள் வாழ்வும் எதிரெதிரே நின்ற நிகழ்வுகளைப் பேசுவோர் இன்றும் பரத்பூரைக் குறிப்பிடுகின்றனர்.

தடைக்கு முன்பே, 1980 இல், கழகம் அப்பூங்காவின் சூழலியல் குறித்துப் பத்தாண்டு ஆய்வு ஒன்றைத் தொடங்கியிருந்தது. வி. எஸ். விசயன் அதற்குத் தலைமை தாங்கினார். தடைக்கு முந்தைய நிலையும் பிந்தைய நிலையும் அளந்து பார்க்கப்பட்டதால் ஒப்பிட இயன்றது. முடிவு எவரும் எதிர்பாராதது. எருமைகள் வராமற்போகவே, பாசுபாலம் என்னும் நீர்ப்புல் தடையின்றிப் பெருகித் திறந்த நீர்ப்பரப்பை மூடியது. வாத்துகள் நீந்தவும் இரை தேடவும் இடம் குறைந்தது. மீன்கள் குறைந்தன. காய்ந்த புல்லினால் காட்டுத்தீ அச்சமும் கூடியது. எருமைகள் சதுப்பின் பகை அல்ல, அதன் இயக்கத்தில் ஒரு பகுதியே என்பது தெளிவானது. 1991 இல் வெளிவந்த இறுதி அறிக்கை, புல்லைக் கட்டுக்குள் வைக்க எருமைகளை வரையறையுடன் பயன்படுத்தலாம் எனப் பரிந்துரைத்தது. அதனைப் படிக்கச் சாலிம் அலி உயிருடன் இல்லை.

அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சில இந்நிகழ்வை விட்டுவிடுகின்றன. விட்டுவிடத் தேவையில்லை. தூக்கணாங்குருவிக் கூட்டைப் பாராமல் குருவியைப் பற்றி எழுத மறுத்தவர், மேய்ச்சல் விடயத்தில் அளந்து பார்ப்பதற்கு முன்பே முடிவு கூறினார். அளந்து பார்த்தவர்கள் அவருடைய கழகத்தின் அறிவியலாளர்கள் ஆவர். மூத்தவரின் கருத்துக்கு மாறான முடிவை மறைக்காமல் வெளியிட்டனர்.

பின்னர் ஊர் மக்கள் பூங்காவில் புல் அறுத்துச் செல்ல அனுமதிக்கப்பட்டனர். பூங்காவில் பரவிய சீமைக் கருவேல மரங்களை வேருடன் அகற்றி விறகை எடுத்துக்கொள்ளும் ஏற்பாடும் செய்யப்பட்டது. சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டத்தாருக்கு இம்மரத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. சுற்றுலாப் பயணிகளை அழைத்துச் செல்லும் மிதிவண்டி ரிக்சா ஓட்டுநர்கள் உள்ளூர் மக்களே. பறவைகளை இனங்காண அவர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. அவர்களுள் பலர் தேர்ந்த வழிகாட்டிகளாக விளங்குகின்றனர். ஆயினும் எல்லாம் சீராகிவிடவில்லை. பூங்காவின் சிறப்பு விருந்தாளியான சைபீரியக் கொக்கு 2001-02 குளிர்காலத்துக்குப் பின் அங்கு வரவில்லை. மேலே கம்பீர் ஆற்றில் கட்டப்பட்ட பாஞ்சனா அணையிலிருந்து நீர் விடுவது தொடர்பான பிணக்கினால் 2000களில் சதுப்பு வறண்ட ஆண்டுகளும் உண்டு.

தமிழ்நாட்டுடன் தொடர்பு

1962 இல் கோடியக்கரையின் இயற்கை வளத்தைச் சாலிம் அலி சுட்டிக்காட்டினார். அங்கு 1967 இல் சரணாலயம் அமைந்தது. வெளிமான்களுக்கும் பூநாரைகளுக்கும் பெயர்பெற்ற அவ்விடத்தில் கழகத்தின் வளையமிடும் பணி நெடுங்காலம் நடைபெற்றுள்ளது. அவரது நினைவாக 1990 இல் கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டியில் சாலிம் அலி பறவையியல், இயற்கை வரலாற்று மையம் நிறுவப்பட்டது. பரத்பூர் ஆய்வுக்குத் தலைமை தாங்கிய விசயனே அதன் முதல் இயக்குனர்.

பரத்பூரில் எழுந்த சிக்கலுக்கு வேறொரு விடையைத் தமிழ்நாட்டு ஏரிகளிற் காணலாம். வேடந்தாங்கலில் நீர்ப்பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை உழவர்கள் அறிந்திருந்தனர். பறவைகளைச் சுடுவதற்கு எதிராக 18 ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கில ஆட்சியரிடம் முறையிட்டு ஆணை பெற்றனர். செட்டிநாட்டுப் பகுதியில், காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் வழியாக மதுரை செல்லும் வழியில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் உள்ளது. வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்களை உள்ளடக்கிய இது 1977 இல் அறிவிக்கப்பட்டது. பரப்பு 38 எக்டேர் மட்டுமே. கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டுகின்றன. அவை அஞ்சிப் பறந்துவிடும் என்பதால் ஊர் மக்கள் தீபாவளிக்கும் கோயில் விழாவுக்கும் வெடி வெடிப்பதில்லை. வனத்துறை தீபாவளியன்று அவர்களுக்கு இனிப்பு வழங்கி வருகிறது. இங்கே சுற்றுச்சுவர் செய்யும் வேலையை ஊர்க்கட்டுப்பாடு செய்கிறது.

விருதுகளும் மறைவும்

பத்ம பூசண் (1958), பத்ம விபூசண் (1976) விருதுகளைச் சாலிம் அலி பெற்றார். 1967 இல் பிரித்தானியப் பறவையியலாளர் ஒன்றியம் தங்கப் பதக்கம் வழங்கியது. பால் கெட்டி வனவிலங்குப் பாதுகாப்புப் பரிசாகக் கிடைத்த 50,000 டாலர் தொகையை இயற்கைப் பாதுகாப்பு நிதியம் ஒன்றுக்கு அளித்தார். பட்டம் பெறாத இவருக்கு அலிகார், தில்லி, ஆந்திரப் பல்கலைக்கழகங்கள் மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தன. 1985 இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். புற்றுநோயால் மும்பையில் தமது 90 ஆவது அகவையில் காலமானார்.

கேரளத்தின் தட்டேக்காடு சரணாலயமும் கோவாவின் சோராவ் தீவுச் சரணாலயமும் இவரது பெயரைத் தாங்கியுள்ளன. தேனி மாவட்டத்து மேகமலையிலிருந்து அறியப்பட்ட, மிக அரிதான பழந்தின்னி வௌவால் இனம் ஒன்றுக்கும் சாலிம் அலியின் பெயர் சூட்டப்பட்டுள்ளது.