வறுமையை அளந்து காட்டிய பெரியார் தாதாபாய் நௌரோஜி

வறியோர்பால் இரக்கங் கொள்வார் உலகிற் பலர். அவ்வறுமை எத்துணைத்து என அளந்தறிய முற்படுவார் மிகச் சிலர். இரக்கம் ஒருவேளைப் பசியைத் தீர்க்கும். அளந்தறிதலோ அப்பசிக்குக் காரணம் யாதென்பதைக் காட்டும். நம் நாட்டில் அங்ஙனம் முதற்கண் அளந்து காட்டியவர் தாதாபாய் நௌரோஜி ஆவர். அவர்தம் சரிதத்தை நம் சங்கத்து அன்பர்களும், தாய்மார்களும், மாணாக்கரும் அறிதல் நலமெனக் கருதி ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

தாதாபாய் 1825-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 4-ஆம் நாள், பார்ஸி வகுப்பிலே, செல்வமில்லாப் புரோகிதர் குடும்பமொன்றில் தோன்றினார். நான்காம் வயதிலேயே தந்தையை இழந்தார். தாம் கல்வி பெறாதவராயினும், மகனைக் கற்பித்தே தீர்வதென்று உறுதி பூண்டார் அன்னையார் மானெக்பாய். அந்நாளிற் பம்பாயிற் கட்டணமின்றிக் கற்பித்த பள்ளியொன்று இருந்தமையாலன்றோ அவர் எண்ணம் நிறைவேறிற்று! பொதுமக்கள் பொருளாற் கற்றேன். ஆதலின் என் கல்வி பொதுமக்களுக்கே உரியது என்னும் எண்ணம் தாதாபாயின் உள்ளத்தில் இளமையிலேயே வேரூன்றியது.

1845-ஆம் ஆண்டளவில் எர்ஸ்கின் பெரி என்னும் ஆங்கில நீதிபதி இவரைச் சட்டங் கற்க இங்கிலாந்துக்கு அனுப்ப விரும்பிச் செலவிற் பாதியைத் தாமே தருவதாகவும், மறுபாதியை இவர் வகுப்பார் தரவேண்டுமென்றும் கூறினார். பிள்ளை மதம் மாறிவிடுவானோ என்று அஞ்சிய வகுப்புத் தலைவர்கள் இசைந்திலர். தாதாபாய் மனந் தளராது, தாம் பயின்ற எல்பின்ஸ்டன் கல்லூரியிலேயே கணிதப் பேராசிரியரானார். அப்பதவியை அங்குப் பெற்ற முதல் இந்தியர் அவரே. 1849-இல் நண்பர்களுடன் கூடிப் பெண்களுக்குப் பள்ளிகள் தொடங்கி, ஊதியம் பெறாது கற்பித்தார்.

1855-இல் காமா குடும்பத்தாரின் வாணிகத்திற் பங்கு கொண்டு இலண்டன் சென்றார். அபினி, மது ஆகியவற்றால் வரும் இலாபம் அவருக்கு ஒவ்வாமையின் அவ்வாணிகத்தை விட்டு நீங்கி, 1859-இல் தனியே பஞ்சு வாணிகம் தொடங்கினார். 1866-இல் இந்தியர் குறைகளை ஆங்கிலேயர்க்கு உணர்த்த ஈஸ்டிந்திய சங்கத்தை நிறுவினார். 1874-இல் பரோடா சமஸ்தானத்திற்குத் திவானாகவும் அமர்ந்தார்.

இனி, அவர் செய்த அரும்பணியைக் கூறுவாம். இந்தியா செழித்து வளர்கின்றதென அதிகாரிகள் பறைசாற்றிய காலம் அது. தாதாபாய் அவர்களோடு வாதாடுதற்கு அவர்தம் அறிக்கைகளையே கையில் எடுத்தார். மாகாணந்தோறும் பயிரிட்ட நிலம் எவ்வளவு, ஏக்கருக்கு விளைவு எவ்வளவு, அதன் விலை என்ன என்று ஒவ்வொன்றாகப் பெருக்கிக் கூட்டினார்; உப்பு, நிலக்கரி, கைத்தொழில் முதலியவற்றிற்கும் ஒரு தொகை சேர்த்தார்; அதனை மக்கள் தொகையால் வகுத்தார். 1867 முதல் 1870 வரையுள்ள காலத்தில் ஓர் ஆளுக்கு ஆண்டு வருமானம் ஏறக்குறைய 20 ரூபாயே என்பது வந்த விடை.

அஃது உயிர்வாழப் போதுமா என்பது அடுத்த வினா. இதற்கு அவர் தேடிய அளவுகோலை எண்ணுந்தோறும் வியப்பே மிகுகின்றது. சிறைக் கைதிக்கு அரசாங்கம் தரும் உணவு உடைகளின் செலவை எடுத்தார். கடல் கடந்து கூலிவேலைக்குச் செல்வோர், கப்பலில் உழைப்பின்றி இருக்கும் நாளில் உடல் வாடாதிருக்க மருத்துவ அதிகாரி வகுத்த உணவுப் படியையும் எடுத்தார். கைதிக்கு ஆகும் செலவோ ஆண்டுக்குச் சுமார் 34 ரூபாய். திருமணம், ஈமக்கடன், நோய், பஞ்சம் இவற்றிற்கு அதில் ஒரு காசும் இல்லை. குற்றஞ் செய்தவன் உண்ணும் அளவுகூட உழுது விளைவிப்பவனுக்கு இல்லை என்பது இதனால் வெளியாயிற்று. 1876-இல் இக்கணக்கை அவர் வெளியிட்டார். 1882-இல் அரசாங்கத்தின் நிதி உறுப்பினர் பேரிங் என்பார் தாமே கணக்கிட்டபோதும் 27 ரூபாய்க்கு மேற்படவில்லை.

நாட்டின் செல்வம் சம்பளமாகவும், ஓய்வூதியமாகவும், பிறவாறும் ஆண்டுதோறும் கடல் கடந்து செல்வதே இவ்வறுமைக்கு மூலமென அவர் நிறுவினார். இக்கருத்துகள் 1901-இல் பெருநூலாக வெளிவந்தன. பணிசெய்வோர் ஊழியத்தை வருமானத்திற் சேர்க்காமை போன்ற குறைகளைப் பிற்காலத்துப் பொருளியலார் எடுத்துக்காட்டினர். எனினும் வழி வகுத்தவர் தாதாபாயே.

1892-இல் விரல்விட்டு எண்ணத்தக்க வாக்குகள் மிகுதியால் பிரிட்டிஷ் பாராளுமன்றத்திற் புகுந்தார். 1886, 1893, 1906 ஆகிய மூன்றாண்டுகளிற் காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை தாங்கினார். 1917-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 30-ஆம் நாள், தம் 91-ஆம் வயதிற் பம்பாயில் உலக வாழ்வை நீத்தார்.

அன்பர்களே! இச்சரிதம் நமக்கு உணர்த்துவது யாது? ஆசிரியத் தொழில் புரியும் யான், நம் பிள்ளைகளுட் சிலர் ஆண்டுதோறும் நடுவகுப்பிலேயே படிப்பை விட்டு நிற்கக் காண்கின்றேன். அவர் எத்தனை பேர், எக்காரணத்தால் நின்றார் என்று வினவினால், நம் சங்கப் பதிவேடுகளில் விடையில்லை. சந்தா செலுத்தினோர் பெயர் உண்டு. செலுத்த இயலாதார் பெயர் இல்லை. பிழைப்பு நாடி வெளியூர் சென்றோர், தனித்து வாழும் கைம்பெண்கள், கடனில் ஆழ்ந்த குடும்பத்தார் ஆகியோர் தொகையும் நாம் அறியோம். அறியாத துன்பத்தை நீக்குவது எங்ஙனம்?

கிளைச் சங்கந்தோறும் இளைஞர் இருவர் முன்வந்து, வீடுவீடாகச் சென்று, எவர் மனமும் நோவாவண்ணம் இவற்றைக் குறித்துத் தருவாராயின், அடுத்த மகாநாட்டிற் கல்வி நிதியை யார்க்கு எவ்வளவு பகிர்வதென்று ஊகத்தால் அன்றி உண்மையால் முடிவு செய்யலாம். அன்று ஒரு வகுப்பார் அச்சத்தால் மறுத்த பாதிச் செலவை எண்ணிப் பார்மின்! நம் வகுப்பிற் பிறந்த தாதாபாய் ஒருவன் பொருளின்மையால் இன்று எவ்வீட்டுத் திண்ணையில் வாளாவிருக்கின்றானோ, யாரறிவார்?