பெய்ட்டன் ரௌஸ்

பிரான்சிஸ் பெய்ட்டன் ரௌஸ் (அக்டோபர் 5, 1879 – பெப்ரவரி 16, 1970) ஓர் அமெரிக்க நோயியல் அறிஞர் ஆவார். கோழிகளில் தோன்றும் ஒருவகைப் புற்றுக் கழலை, தீநுண்மத்தால் (வைரஸ்) உண்டாகிறது என்பதை 1911 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின் மூலம் காட்டினார். இதற்காக 55 ஆண்டுகள் கழித்து, 1966 ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசைச் சார்லஸ் ஹக்கின்சுடன் பகிர்ந்துகொண்டார். ரௌஸ் சார்க்கோமா தீநுண்மம் என அவர் பெயரால் வழங்கும் இந்நுண்மத்தை ஆராய்ந்தபோதே புரதக் கைனேஸ்களுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு பிற்காலத்தில் வெளிப்பட்டது.

இளமையும் கல்வியும்

ரௌஸ் மேரிலாந்து மாநிலத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்த அவர், தாயாரின் பொறுப்பில் வளர்ந்தார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1900 இல் இளங்கலைப் பட்டமும் 1905 இல் மருத்துவப் பட்டமும் பெற்றார். மாணவராக இருந்தபோது, பிணக்கூறாய்வில் விரலில் ஏற்பட்ட காயத்தின் வழியாகக் காசநோய் தொற்றியது. டெக்சாஸ் மாநிலத்துக் கால்நடைப் பண்ணையில் வேலை செய்து உடல்நலம் தேறினார். சிலகாலம் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நோயியல் கற்பித்தபின், 1909 இல் நியூயார்க்கில் உள்ள ராக்பெல்லர் மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். அதன்பின் அவரது ஆய்வு வாழ்க்கை அங்கேயே கழிந்தது.

கோழிக் கழலை ஆய்வு

1909 இல், மார்பில் கழலை கொண்ட பிளிமத் ராக் இனக் கோழி ஒன்று அவரிடம் கொண்டுவரப்பட்டது. அக்கழலையின் துண்டுகளை நெருங்கிய உறவுடைய கோழிகளில் பதித்தபோது அவற்றிலும் கழலை வளர்ந்தது. புற்று உயிரணுக்களே இடம் மாற்றப்பட்டதால் இது எதிர்பார்க்கத்தக்கதே. ஆனால் அடுத்த சோதனையின் முடிவு எவரும் எதிர்பாராதது. ரௌஸ் கழலையை அரைத்து, உப்புக் கரைசலில் கலந்து, உயிரணுக்களையும் பாக்டீரியாக்களையும் தடுக்கும் நுண்வடிகட்டியில் வடித்தார். வடிந்த நீர்மத்தைச் செலுத்திய கோழிகளிலும் அதே கழலை தோன்றியது. எனவே நோயை உண்டாக்கும் காரணி உயிரணுவிலும் மிகச் சிறியது என்பது தெளிவாயிற்று.

புற்றுநோய் தொற்றக்கூடியதன்று என்பதே அக்கால மருத்துவர்களின் பொதுக்கருத்தாக இருந்தது. கோழியின் கழலை உண்மையான புற்றே அன்று என்று சிலர் கருதினர். உயிரணுக்கள் வடிகட்டியைக் கடந்திருக்கும் என்று வேறு சிலர் ஐயுற்றனர். பாலூட்டிகளின் கழலைகளில் இத்தகைய காரணியைத் தேடிய ரௌசின் முயற்சிகளும் பலனளிக்கவில்லை. 1915 அளவில் அவர் இத்துறையை விட்டு விலகினார்.

பிற பணிகள்

முதல் உலகப் போர்க்காலத்தில் ரௌசும் ஜே. ஆர். டர்னரும் குருதியைச் சிட்ரேட்டும் சர்க்கரையும் கலந்த கரைசலில் சேமிக்கும் முறையை உருவாக்கி 1916 இல் வெளியிட்டனர். இதைப் பயன்படுத்தியே ஆஸ்வால்ட் ராபர்ட்சன் 1917 இல் பிரான்சின் போர்முனையில் சேமித்த குருதியைக் காயமுற்றோருக்குச் செலுத்தினார். பின்னர் ரௌஸ் கல்லீரல், பித்தப்பை ஆகியவற்றின் செயல்பாடுகளை ஆராய்ந்தார். 1933 இல் ரிச்சர்டு ஷோப் முயல்களில் தோல் கழலையை உண்டாக்கும் தீநுண்மத்தைக் கண்டறிந்ததும், ரௌஸ் புற்றுநோய் ஆய்வுக்குத் திரும்பினார்.

நோபல் பரிசும் மறைவும்

நோபல் பரிசுக்கு ரௌசின் பெயர் 1926 இலேயே பரிந்துரைக்கப்பட்டது. பரிசு கிடைத்தபோது அவருக்கு வயது 87. அவ்விழா உரையிலும், உயிரணுவின் மரபணுக்களில் ஏற்படும் திடீர்மாற்றமே புற்றுக்குக் காரணம் என்னும் கொள்கையை அவர் ஏற்கவில்லை. 1970 இல், தமது 90 ஆம் வயதில் நியூயார்க்கில் காலமானார்.

புரதக் கைனேஸ்கள்

புரதக் கைனேஸ் என்பது பாஸ்பேட்டுத் தொகுதியைப் பிற புரதங்களில் இணைக்கும் நொதியாகும். உயிரணு எப்போது வளரவேண்டும், எப்போது நிற்கவேண்டும் என்னும் செய்திகள் பலவும் இவ்விணைப்பின் வழியே கடத்தப்படுகின்றன.

ரௌஸ் தீநுண்மத்தில் புற்றை உண்டாக்குவது சார்க் என்னும் ஒரே மரபணு என அறியப்பட்டது. இம்மரபணு நலமான கோழிகளின் உயிரணுக்களிலும் உண்டு என்பதை மைக்கேல் பிஷப், ஹரோல்டு வார்மஸ் குழுவினர் 1976 இல் காட்டினர். தீநுண்மம் அதைக் கோழியிடமிருந்தே பெற்றிருந்தது. இதற்காக அவ்விருவரும் 1989 இல் நோபல் பரிசு பெற்றனர். சார்க் புரதம் ஒரு கைனேஸ் என்பது 1978 இல் தெரியவந்தது. அது டைரோசின் என்னும் அமினோ அமிலத்தில் பாஸ்பேட்டை இணைக்கிறது என்பதை டோனி ஹன்டர் குழுவினர் அடுத்த ஈராண்டுகளுக்குள் கண்டறிந்தனர். இயல்பான சார்க் புரதத்தின் வால்பகுதி அதன் செயலைக் கட்டுப்படுத்துகிறது. தீநுண்மத்தின் சார்க் புரதத்தில் அப்பகுதி மாறியிருப்பதால், அது ஓயாமல் இயங்குகிறது.

ஓயாமல் இயங்கும் கைனேசைத் தடுத்தால் புற்றை அடக்கலாம் என்னும் சிந்தனைக்கு இக்கண்டுபிடிப்புகள் வழிவகுத்தன. நாட்பட்ட மைலாய்டு வெண்குருதிப் புற்றில் வேறொரு டைரோசின் கைனேசைத் தடுக்கும் இமாட்டினிப் மருந்துக்கு 2001 இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. 2006 இல் ஒப்புதல் பெற்ற டசாட்டினிப், அந்தக் கைனேசுடன் சார்க் கைனேசையும் தடுக்கிறது. ரௌஸ் ஏற்க மறுத்த மரபணு விளக்கத்துக்கு, அவர் கண்டறிந்த தீநுண்மமே வலுவான சான்றாக அமைந்தது.