ஜான் போஸ்டல்: பாக்கெட்டுக்கு வழி சொன்னவர்

மலருக்குக் கட்டுரை கேட்டதும் என் தொழிலுக்கு இலக்கணம் எழுதியவரையே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

ஜானதன் புரூஸ் போஸ்டல் 1943 ஆகஸ்ட் 6-ல் கலிபோர்னியாவில் பிறந்தார். படித்தது வேன் நைஸ் உயர்நிலைப் பள்ளி. இன்டர்நெட்டின் பிதாமகர்களான விண்ட் சர்ஃப், ஸ்டீவ் க்ராக்கர் இருவரும் அதே பள்ளிதான். (அந்த ஊர்த் தண்ணீரில் என்ன இருந்ததோ!) பிறகு யூ.சி.எல்.ஏ.; 1974-ல் டாக்டர் பட்டம். அர்பாநெட்டின் முதல் முனை 1969-ல் அங்கே வந்தபோது மாணவர் போஸ்டலும் அந்தக் குழுவில் இருந்தார். ஆர்.எஃப்.சி. ஆவணங்களைத் தொகுக்கும் வேலை அப்போது கைக்கு வந்தது. கடைசி வரை விடவில்லை.

1981 செப்டம்பரில் அவர் தொகுத்த 791, 792 இரண்டும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. பெரிய பாக்கெட் சின்ன லிங்க்குக்கு வந்தால் ரவுட்டர் அதைத் துண்டு போடலாம். டி.எஃப். பிட்டை 1 என்று வைத்தால் துண்டு போடக் கூடாது. தூக்கி எறிந்துவிட்டு, அனுப்பியவருக்கு ஐ.சி.எம்.பி. மூலம் சேதி சொல்ல வேண்டும். எவ்வளவு பெரிசு போகும் என்று மட்டும் அந்தச் சேதியில் இல்லை. ஆனால் 32 பிட் இடம் சும்மா கிடந்தது. 1990-ல் மோகலும் டீரிங்கும் அதில் 16 பிட்டை எடுத்து அடுத்த லிங்க்கின் அளவை எழுத வைத்தார்கள். பாத் எம்.டி.யூ. டிஸ்கவரி அப்படிப் பிறந்ததுதான்.

சர்வீஸ் புரொவைடர் வேலையில் இது தினசரித் தலைவலி. ஈதர்நெட்டில் 1500 பைட் போகும், பி.பி.பி.ஓ.இ. 8 பைட்டைச் சாப்பிட்டால் மிச்சம் 1492. எம்.பி.எல்.எஸ். லேபிள் ஒவ்வொன்றும் 4 பைட். நடுவில் யாரோ ஒரு புண்ணியவான், பாதுகாப்பு என்று சொல்லி ஃபயர்வாலில் ஐ.சி.எம்.பி. முழுவதையும் அடைத்து வைத்திருப்பார். பிங் போகும், கனெக்‌ஷன் கிடைக்கும், பக்கம் மட்டும் வராது. கஸ்டமர் போனில் கத்துவார். பிங்கில் டி.எஃப். பிட் வைத்து 1472 பைட் டேட்டா அனுப்பிப் பாருங்கள் தம்பி. ஹெடர் 28 சேர்ந்தால் 1500. போகவில்லையென்றால் குறைத்துக்கொண்டே வாருங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும். ஐ.சி.எம்.பி.யை நம்பாமலே அளவு கண்டுபிடிக்கும் முறை 2007-ல் ஆர்.எஃப்.சி. 4821-ஆக வந்தது. ஆனாலும் அடைக்கிறவர்கள் அடைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

தான் அனுப்புவதில் கறாராகவும், பிறர் அனுப்புவதை ஏற்பதில் தாராளமாகவும் இருக்க வேண்டும் என்பது போஸ்டலின் கொள்கை. நீண்ட தாடிக்காரர். ஐ.பி. எண்களைப் பங்கிட்டுத் தரும் பொறுப்பும் பல வருஷம் அவரிடம்தான் இருந்தது. 1998 ஜனவரியில் எட்டு ரூட் சர்வர்களைத் தன் பக்கம் திருப்பச் சொன்னார். அமெரிக்க அரசு கோபப்பட, சில நாளில் பழையபடி மாற்றினார். சோதனை என்றார். தன் உழைப்பு யார் கைக்குப் போகிறது என்ற கவலையும் அதில் இருந்தது என்றே எனக்குப் படுகிறது.

அதே ஆண்டு அக்டோபர் 16-ல், இதய அறுவை சிகிச்சைக்குப் பின் காலமானார். வயது 55. சர்ஃப் எழுதிய அஞ்சலி அந்த மாதமே ஆர்.எஃப்.சி. 2468 என்று எண்ணிட்டு வெளியானது.